விளையாட்டும் வாய்மையும்

விளையாட்டு உடலுக்கு உறுதியும் உள்ளத்துக்குக் களிப்பும் தருவதென்று யாவரும் கூறுவர். அஃது உண்மையே. ஆயினும், ஒருவனுடைய உள்ளத்தின் உள்ளறையைத் திறந்து காட்டும் திறவுகோலும் அதுவே என்பதை நம்மிற் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. வகுப்பறையில் அடக்கமாக அமர்ந்திருப்பவனும், விடுதியில் இன்சொல்லன்றிப் பிறிது பேசாதவனும் மைதானத்தில் இறங்கிக் கால் நாழிகை கழியுமுன் தம் இயல்பை வெளிப்படுத்திவிடுகின்றனர். இவ்வுண்மையை யான் பிறரைப் பார்த்து அறிந்ததைவிட என்னைப் பார்த்து அறிந்ததே மிகுதி. அதனை இம்மலரில் எழுதுமாறு என்னைத் தூண்டியது, நம் கல்லூரியில் பயின்று இப்போது ஜப்பான் தேசத்தில் தொழில் புரியும் பழைய மாணவர் ஒருவர் சென்ற ஆண்டு எனக்கு எழுதிய கடிதமாகும்.

விடுமுறை நாட்களில் தாம் ஆடும் ‘ஏர்சாஃப்ட்’ என்னும் ஆட்டத்தைப் பற்றி அவர் அதில் விரிவாக எழுதியிருந்தார். மெய்த்துப்பாக்கிகளை மக்கள் வைத்துக்கொள்வது கடுமையாகத் தடுக்கப்பட்டுள்ள அந்நாட்டில், 1970-களில் இவ்வாட்டம் தோன்றியது. மெய்த்துப்பாக்கி போலவே செய்யப்பட்ட பொம்மைத் துப்பாக்கியிலிருந்து, காற்றின் விசையால் 6 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள சிறு பிளாஸ்டிக் குண்டு பாய்ந்து செல்லும். இரு கட்சியினர் காட்டிலோ பாழ்மனையிலோ மறைந்து நின்று ஒருவரையொருவர் குறிபார்ப்பர். கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி அணியாமல் எவரும் களத்திற் புகலாகாது. குண்டின் வேகம் வரம்புக்குள் உள்ளதா என்று கருவி கொண்டு முன்னரே அளந்து பார்ப்பர். இவையெல்லாம் வியப்பல்ல. வியப்புக்குரியது வேறொன்று. சாயக்குண்டு எறியும் ‘பெயின்ட்பால்’ ஆட்டத்தில் அடிபட்டவன் மேனியிற் சாயம் படிந்து அவனைக் காட்டிக்கொடுக்கும். இதிலோ குண்டு பட்டதற்கு யாதோர் அடையாளமும் இல்லை. பட்டவன் தானே கையை உயர்த்திப் ‘பட்டது’ என்று உரக்கக் கூறி வெளியேறவேண்டும். அவன் கூறாவிடில் கேட்பாரில்லை. பட்டும் படாதவன்போல் ஆடுபவனை அவர்கள் ‘ஜாம்பி’, அதாவது நடமாடும் பிணம், என்று அழைக்கிறார்களாம். “ஐயா, முழு ஆட்டமும் ஒருவனுடைய ஒரு சொல்லின்மேல் நிற்கிறது, இப்படியோர் ஆட்டத்தை நம் ஊரில் யான் கண்டதில்லை” என்று கடிதத்தை முடித்திருந்தார்.

அவர் கண்டதில்லை என்றது எனக்கு நகைப்பை உண்டாக்கிற்று. உடனே நாணத்தையும் உண்டாக்கிற்று. நம் கொங்கு நாட்டில் ஊர்தோறும் ஆடப்படும் சடுகுடு அத்தகைய ஆட்டமன்றோ? இக்காலத்தில் கபடி என்று வழங்கும் இவ்விளையாட்டில், மூச்சை அடக்கிப் பாடிச் செல்பவன் எதிரி ஒருவனை விரல் நுனியாற் தீண்டி நடுக்கோட்டுக்கு மீண்டால், தீண்டப்பட்டவன் வெளியேறவேண்டும். பெருங்காற்றும் புழுதியும் கூச்சலுமாக இருக்கும் ஊர்க்களத்தில், விரல் பட்டதா இல்லையா என்பதை முற்றும் அறிந்தவர் இருவரே. ஒருவன் தொட்டவன், மற்றவன் தொடப்பட்டவன். எஞ்சிய அனைவரும் ஊகிப்பவரே. இதனை யான் நூலிற் கற்றேனல்லேன். என் குதிகாலிற் கற்றேன்.

நொய்யலாற்றின் தென்கரையிலுள்ள ஒரு சிற்றூர் என் தாய்வழிப் பாட்டனாரின் ஊர். மேற்கே வெள்ளியங்கிரி மலை நீலநிறமாய்த் தோன்றும். ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று, அறுவடையான காட்டின் புழுதியை வாரி இறைக்கும். நாற்பதாண்டுகளுக்கு முன், ஆடி பதினெட்டை ஒட்டி அங்கே சடுகுடுப் பந்தயம் ஒன்று நடந்தது. எனக்கு அப்போது வயது பதினாறு. எங்கள் கட்சியும் ஆற்றுக்கு அக்கரையூர்க் கட்சியும் இறுதியாட்டத்தில் மோதின. கரைமேல் ஊரே கூடியிருந்தது. அயலூர்ப் பள்ளியின் தேகப்பயிற்சி ஆசிரியர் ஒருவர் நடுவராக நின்றார்.

பொழுது சாயும் வேளை. நாங்கள் ஒரு புள்ளி முந்தியிருந்தோம். எதிர்க்கட்சிக்கு எஞ்சியிருந்தது ஒரே பாட்டு. என் வயதொத்த, மெலிந்து நெடிய ஓர் இளைஞன் பாடிக்கொண்டு வந்தான். யான் பின்வாங்கினேன். அவன் தாழக் குனிந்து கையை நீட்டித் துள்ளினான். என் இடக்குதிகாலுக்கு மேலே மூன்று விரல்கள் பட்டன. வெப்பமான அவ்விரல்களை இன்றும் என்னால் உணர முடிகிறது. அவன் கோட்டைக் கடந்து மீண்டான். அந்நேரம் எழுந்த சுழற்காற்றில் நடுவர் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தார்.

“பட்டதுங்க ஐயா, குதிகால்லே” என்றான் அவன்.

நடுவர் என் பக்கம் திரும்பினார். “தம்பி, பட்டதா?”

யான் யோசித்தேன் என்று கூறினால் அது மற்றொரு பொய்யாகும். யோசனைக்கு இடமே இருக்கவில்லை. “படலைங்க” என்றேன். சொல் வாயைவிட்டுப் போயிற்று. நடுவர் இரு கைகளையும் விரித்து ‘இல்லை’ என்று காட்டினார். ஆட்டம் முடிந்தது. எங்களூரார் ஆரவாரித்தனர்.

யான் உண்மை கூறியிருந்தால் நாங்கள் தோற்றிருப்போமா எனின், அதுவும் இல்லை. புள்ளிகள் சமமாகி, மேலும் சிறிது நேரம் ஆட நேர்ந்திருக்கும். அதில் நாங்களே வென்றிருக்கவுங்கூடும். அவ்வளவு அற்பமான விலைக்கே யான் என் சொல்லை விற்றேன்.

ஆனால் அவ்விளைஞனுக்கு அது அற்பமாக இருக்கவில்லை. அவன் மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, “சத்தியமாப் பட்டதுங்க” என்றான். கரைமேல் இருந்தவர் நகைத்தனர். அவனுடைய கட்சித் தலைவனே, “தொடாமயே தொட்டேன்னு சொல்லி மானத்தை வாங்கறயே” என்று எல்லோர் முன்னிலையிலும் அவனை வைதான். அவன் மறுமொழி கூறாமல் என்னை ஒருமுறை நோக்கினான். அந்நோக்கிற் கோபம் இல்லை. கேள்வி ஒன்று இருந்தது.

வீடு திரும்பியபோது என் அப்புச்சி வாசலில் செம்பும் நீருமாக நின்றார். பகல் முழுவதும் அவரும் கரைமேல் இருந்தவரே. யான் காலை நீட்டினேன். நீரை ஊற்றக் குனிந்தவர் கை தாழ்த்தாமல் நின்றுவிட்டார். வியர்வையும் கரிசற்புழுதியும் அப்பியிருந்த என் குதிகாலுக்கு மேலே, மூன்று விரல்களின் தடம் கோடிட்டாற்போலத் தெளிவாக இருந்தது. அவர் அதைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். “கழுவிக்கோ கண்ணு” என்று கூறிச் செம்பை என் கையிற் கொடுத்துவிட்டு உள்ளே சென்றார். அதன்பின் அவர் உயிரோடிருந்த பதினோராண்டுகளில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் கூறியதில்லை. அவர் அடித்திருந்தால் யான் அன்றே மறந்திருப்பேன்.

நிற்க. இத்தகைய பொய்யில் உள்ள தீமை யாது? ஒரு புள்ளியைத் திருடியதே தீமை என்று நெடுங்காலம் எண்ணியிருந்தேன். அது சிறு பகுதியே. ‘படவில்லை’ என்று யான் கூறியபோது, ‘பட்டது’ என்று கூறியவனைப் பொய்யனாக்கினேன். புள்ளியை அடுத்த ஆட்டத்தில் மீட்கலாம். ஊரார் முன் இழந்த சொல்லை எவ்வாட்டத்தில் மீட்பது? என் மாணவர் எழுதிய ஆட்டத்திலும் இதுவே நிகழ்கிறது. குறி தவறாமற் சுட்டவன், எதிரி விழாதது கண்டு தன் துப்பாக்கியை ஐயுறுகிறான். பிறகு தன் கண்ணை ஐயுறுகிறான். முடிவிற் சினங்கொண்டு நெருங்கிச் சென்று மீண்டும் மீண்டும் சுடுகிறான். காயம் விளைகிறது. ஒருவன் விழுங்கிய ஒரு சொல், களிப்புக்காகக் கூடியவர்களைப் பகைவராக்கிவிடுகிறது.

எனினும், இதற்கு மறுபக்கமும் உண்டு. தடித்த உடையின்மேற் பட்ட குண்டை ஒருவன் மெய்யாகவே உணராதிருக்கலாம். ஓடுகிற ஓட்டத்தில் வேட்டி நுனியில் உராய்ந்த விரலைச் சடுகுடுக்காரன் அறியாதிருக்கலாம். சுட்டவன் ‘பட்டது’ என்று நம்பிய குண்டு இடையிலுள்ள இலையில் தடுக்கப்பட்டிருக்கவுங்கூடும். ஆதலின், எடுத்த எடுப்பில் ‘நீ பொய்யன்’ என்று கூவுவதும் பண்பன்று. தன்மேற் பட்டதை ஒப்புக்கொள்வது ஒரு கடமையாயின், பிறன்மேற் பட்டதா என்னும் ஐயத்தின் பயனை அவனுக்கே அளிப்பது மற்றொரு கடமை. தன் விஷயத்திற் கண்டிப்பும் பிறர் விஷயத்திற் பொறுமையும் கொண்டவனே நல்ல ஆட்டக்காரன். நம்மிற் பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்.

சட்டத்தைப் பற்றிய வழக்கு வேறு. மெய்ந்நிகழ்ச்சியைப் பற்றிய வழக்கு வேறு என்பதையும் இங்கே குறிக்கவேண்டும். 2023-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் சீன தேசத்து ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டின் கபடி இறுதியாட்டத்தை நண்பர்கள் பலர் கண்டிருப்பர். இந்தியாவும் ஈரானும் 28 புள்ளிகளிற் சமமாக இருந்தபோது, பாடிச் சென்ற பவன் செராவத் எவரையும் தீண்டாமலே பக்கக்கோட்டுக்கு வெளியே கால் வைத்தார். ஈரானியர் சிலரும் அவரைத் தொடர்ந்து வெளியே சென்றனர். எந்த விதிப்படி புள்ளி வழங்குவது என்பதில் வழக்கு மூண்டது. தீர்ப்பு மாறி மாறி வர, இரு கட்சியினரும் மறுத்து நிற்க, ஆட்டம் ஏறத்தாழ ஒரு மணி நேரம் தடைப்பட்டது. இறுதியில் இந்தியா 33-க்கு 29 என்ற கணக்கில் வென்றது. பல கேமராக்கள் பார்த்திருந்தும் அவ்வளவு குழப்பம்! ஆயினும் அங்கே வழக்கு விதியைப் பற்றியது. விதி ஐயத்துக்கிடமானால் வாதாடுவதில் இழுக்கில்லை. தன் நெஞ்சு அறிந்த ஒன்றை இல்லையென்று மறுப்பதோ முற்றும் வேறானது. அதைக் கண்டுபிடிக்கும் கேமரா நம் ஊர்க்களங்களில் இல்லை.

நேர்மைக்கு விலை உண்டு என்பதையும் மறைக்கலாகாது. 1980-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் பொன்விழாவையொட்டிப் பம்பாயில் இங்கிலாந்தோடு ஒரு டெஸ்ட் ஆட்டம் நடைபெற்றது. இங்கிலாந்து ஐந்து விக்கெட்டுகளை இழந்து தடுமாறியபோது, பாப் டெய்லர் பிடிகொடுத்து ஆட்டமிழந்ததாக நடுவர் தீர்ப்பளித்தார். பந்து மட்டையிற் படவில்லை என்று கருதிய இந்தியத் தலைவர் குண்டப்பா விஸ்வநாத், நடுவரிடம் கூறி அவரைத் திரும்ப அழைத்தார். டெய்லரும் போத்தமும் சேர்ந்து 171 ஓட்டங்கள் குவித்தனர். இந்தியா 10 விக்கெட் வித்தியாசத்தில் தோற்றது. அத்தோல்வியின் புள்ளிவிவரங்களை இன்று நினைவிற் கொள்வோர் சிலரே. திரும்ப அழைத்த செயலை மறந்தவர் அரியர். அவ்வாறே 1999-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் நாள், சேப்பாக்கத்தில் இந்தியா பாகிஸ்தானிடம் 12 ஓட்டங்களில் தோற்றபோது, நெஞ்சு உடைந்திருந்த சென்னை மக்கள் எழுந்து நின்று வென்றவர்களுக்குக் கைதட்டினர். ஆட்டக்காரர்க்கு மட்டுமன்றிப் பார்ப்பவர்க்கும் ஆட்டப்பண்பு உண்டு என்பதற்கு அது சான்று. என் இளமையில் ஆற்றங்கரையில் நகைத்தவர்களை எண்ணும்போதெல்லாம் எனக்குச் சேப்பாக்கமும் நினைவுக்கு வரும்.

இவற்றையெல்லாம் யான் பல்லாண்டுகள் வகுப்பில் எடுத்துக்கூறியிருக்கிறேன். திருக்குறளில் வாய்மைக்கென்று ஒரு தனி அதிகாரம் இருப்பதையும் நயம்பட விளக்கியிருக்கிறேன். என் குதிகாலைப் பற்றி மட்டும் எவரிடமும் கூறியதில்லை.

ஜப்பானிலிருந்து கடிதம் வந்த அதே மாதத்தில் நம் கல்லூரியின் துறைகளுக்கிடையே கபடிப் பந்தயம் நடைபெற்றது. ஓர் ஆட்டத்துக்கு யான் நடுவராக நின்றேன். இறுதி நிமிடம். பாடிச் சென்றவன் வெறுங்கையுடன் மீண்டான் என்றே யான் கருதினேன். கோட்டு நடுவர்களும் அங்ஙனமே கருதினர். பாடியவனும் புள்ளி கேட்கவில்லை. அப்போது பொள்ளாச்சிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வந்துள்ள முதலாண்டு மாணவன் ஒருவன் தானாகவே கையை உயர்த்திக் களத்தைவிட்டு வெளியே நடந்தான். அவனுடைய துறை ஒரு புள்ளியில் தோற்றது. தோழர்கள் அவனைச் சூழ்ந்து கடிந்தனர். “அவனே கேக்கலியே, நீ எதுக்குடா போனே?” என்றான் ஒருவன்.

கூட்டம் கலைந்தபின் அவனைத் தனியே அழைத்து, “ஏன் தம்பி கையை உயர்த்தினாய்?” என்று வினவினேன். யாதேனும் ஒரு நீதிமொழியை எதிர்பார்த்தேன் போலும். அவன் சற்று விழித்துவிட்டு, “பட்டதுங்களே ஐயா” என்றான். அவ்வளவே. அவனுக்கு அது ஒரு தியாகமாகவோ வெற்றியாகவோ தோன்றவில்லை. பட்டது, ஆகையாற் பட்டது என்றான்.

அன்றிரவு யான் உறங்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கரையூருக்குச் சென்று விசாரித்தேன். அந்நாளைய இளைஞர் இப்போது கோயம்புத்தூரில் மோட்டார் பம்புசெட்டுப் பழுது பார்க்கும் பட்டறை ஒன்று வைத்திருப்பதாகக் கூறினர். தேடிச் சென்றேன். தலை நரைத்திருந்தது, அந்நெடிய உருவம் மாறவில்லை. பெயரையும் ஊரையும் கூறினேன். அவருக்கு நினைவு வரச் சற்று நேரமாகும் என்று எண்ணினேன். ஆகவில்லை.

“குதிகால்லே பட்டதுங்க” என்றேன். நாற்பதாண்டுகளாக வைத்திருந்த சொல் அது.

அவர் கையிலிருந்த ஸ்பானரை மேசைமேல் வைத்தார். வெகு நேரம் பேசவில்லை. பிறகு, “நாலு வருஷம் நான் சடுகுடு ஆடப் போகலைங்க. போனா, ‘தொடாமத் தொட்டவன்’னு கூப்பிடுவாங்க. அதுகூடப் பரவாயில்லைங்க. போகப் போக எனக்கே சந்தேகம் வந்துபோச்சு, கை பட்டதா, இல்லே பட்ட மாதிரி நெனச்சுக்கிட்டனான்னு. மண்ணைத் தொட்டுச் சத்தியம் வேறெ பண்ணிப்போட்டேனுங்களே” என்றார்.

அவர் தம் வலக்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். விரல்களில் எண்ணெய்க்கறை படிந்திருந்தது. அவர் என்னை வைவார் என்று எண்ணியே சென்றிருந்தேன். மன்னிப்பார் என்றும் ஒரு மூலையில் எண்ணியிருந்தேன். இரண்டையும் அவர் செய்யவில்லை. உள்பக்கம் திரும்பி, பட்டறையில் வேலையாயிருந்த தம் மகனைக் கூப்பிட்டார்.

“இப்ப எங்கிட்டச் சொன்னதை இவங்கிட்டயும் ஒருதரம் சொல்லிப்போடுங்க” என்றார்.

யான் கூறினேன். இருபது வயதுள்ள ஒரு பிள்ளையின் முன் நின்று, அவன் பிறப்பதற்கு முன் யான் கூறிய பொய்யை ஒவ்வொரு சொல்லாகக் கூறினேன். அம்மைந்தன் தன் தகப்பனாரைப் பார்த்தான். அவர் தேநீர் வாங்கிவரச் சொன்னார். மூவரும் அருந்தினோம். விடைபெறும்போது, “அந்தப் பாட்டு நல்ல பாட்டுங்க, மூச்சு விடவே இல்லை” என்றார். “ஆமாங்க, நல்ல பாட்டு” என்றேன்.

அன்பார்ந்த மாணவர்களே! மைதானத்தில் நடப்பது வெறும் விளையாட்டுத்தானே என்று நீவிர் எண்ணக்கூடும். விளையாட்டாகையினாலேயே அது நம்மைப் பழக்குகிறது. அங்கே ஆதாயம் சிறிது. ஆகவே பொய்யும் சிறிதென்று தோன்றும். அச்சிறு பொய்யைக் கூறப் பழகிய நாவே பின்னர்க் கணக்குப் புத்தகத்தின் முன்னும், நீதிமன்றத்தின் முன்னும், தன் மக்களின் முன்னும் பேசவேண்டியிருக்கிறது. அதுபோலவே, சிறு உண்மையைத் தயங்காமற் கூறப் பழகிய நாவுக்குப் பேருண்மை கடினமாக இராது.

உம்மீது விரல் பட்டால், கேட்குமுன் கையை உயர்த்துங்கள். உம் விரல் பட்டதை மற்றவன் மறுத்தால், அவன் உணராதிருந்திருக்கலாம் என்று ஒருமுறையேனும் எண்ணிப் பாருங்கள். முன்னரே தவறியிருப்பீராயின், தவறிழைக்கப்பட்டவர் எங்கே இருக்கிறார் என்று விசாரியுங்கள். நாற்பதாண்டு காத்திராதீர்கள். என் அப்புச்சி அன்று காட்டிய தண்ணீர் காலைத்தான் கழுவியது.